இரண்டு வருஷத் தகடு

“இதுவும் தேஞ்சு போச்சா?”

கழற்றிய தகட்டை ஐரீன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நடுவில் பள்ளம் விழுந்திருந்தது.

“ஆமா ஐரீன். ரெண்டே வாரம்தான் தாங்குச்சு,” என்றான் சிவகுருநாதன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஐரீன் ஓட்டும் மிஷினின் கைக்கு அடியில் உரசுகிற தகடு அது. இரும்பு போட்டால் கனம், கை வேகமாக ஓடாது. அலுமினியம் போட்டால் தேய்ந்து தொலைக்கும். அதனால் ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி, புக்கிட் மெர்தாஜாம் பட்டறையிலிருந்து சிவகுருநாதன் வந்து மாற்றிக் கொடுப்பான். மிஷின் நிற்கும் அந்த அரை மணி நேரம் ஐரீன் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுவாள், தன் கறிபாப் பலகாரத்தில் பாதியைப் பிட்டுக் கொடுப்பாள்.

நாற்பத்து மூன்று வயதில் அவனோடு பேச வேறு நாதி கிடையாது. அறைக்குப் போனால் ரேடியோதான். ‘வேற நாள்லயும் பார்க்கலாமா’ என்று கேட்டுவிட ஆசைதான், வாய் வந்தால்தானே. ஊமை கண்ட கனவு.

இந்த லட்சணத்தில்தான் போன மாதம் பட்டறை முதலாளி புது வித்தை கண்டுபிடித்தார். உருக்கிய அலுமினியத்தில், கெட்டித்தன்மையில் வைரத்துக்குப் பங்காளியான பீங்கான் தூளைக் கலந்து வார்த்தால், கனமும் ஏறாது, இரண்டு வருஷத்துக்குத் தேயவும் தேயாதாம். முதல் தகட்டை ஐரீன் மிஷினில் போட்டுப் பார்க்கச் சொல்லி அவனிடமே கொடுத்தார். அப்படியானால் இரண்டு வருஷத்துக்கு அவனுக்கும் இங்கே வேலையில்லை. அன்று அவனுக்குச் சோறே இறங்கவில்லை.

இப்போது பள்ளத்தைப் பார்க்கப் பார்க்க மனசு லேசானது.

“பரவால்ல லா. பழையபடியே நான் வந்து மாத்திட்டுப் போறேன்.”

ஐரீன் தகட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் செத்திருந்தது.

“இனி நீங்க வர வேணாம். இந்த மிஷின் எல்லாத்தையும் தூக்கப் போறாங்க. புதுசு கேட்டு ஜப்பானுக்கு என் கண்ணு முன்னாலயே மேனேஜர் ஃபேக்ஸ் அனுப்பிட்டாரு.”

அவன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

“இது மட்டும் தாங்கியிருந்தா, இருக்கிற மிஷினுக்கெல்லாம் இதையே போட்டு, பார்த்துக்க உங்களையே இங்க வேலைக்கு எடுக்கறதா இருந்தாரு. நான்தான் உங்க பேரைச் சொல்லி வெச்சேன். தெனமும் ஒண்ணா சாப்பிடலாம்னு நெனச்சேன்.”

கீழே அவனுடைய மோட்டார் சைக்கிள் பெட்டியில், பீங்கான் கலந்த அந்தப் புதுத் தகடு, சுற்றிய காகிதம்கூடப் பிரிக்கப்படாமல் இரண்டு வாரமாகக் கிடந்தது.