மடக்கு சைக்கிளும் பீச்சாங்கையும்

பஜ்ஜி எடுப்பதற்காகவே இடது கையுறையை மட்டும் கழற்றினார் அந்த மனிதர். தட்டில் இருந்த வாழைப்பழ பஜ்ஜிகளை அந்தப் பீச்சாங்கையால் புரட்டிப் பார்த்து, பெரியதாக ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வலது கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் டீ தொங்கிக்கொண்டிருந்தது.

கடைக்காரி வினார்த்தி முகத்தைச் சுளித்தாள். இந்தோனேசியாவின் சோலோ நகரத்தில் இருபது வருடமாக மடக்கு சைக்கிள் விற்கிறவள். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். இடது கையை நீட்ட வேண்டி வந்தால் இந்த ஊரில் நண்டு சிண்டுகூட "மன்னிச்சுக்குங்க, இடது கை" என்று சொல்லிவிட்டுத்தான் நீட்டும்.

வருகிறவர்கள் எல்லோரும் சாப்பிடும் தட்டில், கால் கழுவுகிற கையை விட்டுத் துழாவுவதா? சீ! சொல்லும்போதே எனக்கு உடம்பு கூசுகிறது.

அவள் தட்டை இழுத்து மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"என்ன மாதிரி வண்டி பார்க்குறீங்க ஐயா?"

"டூர் போறதுக்கும்மா. பேரு தார்ஜோனோ. நாளைக்குக் காலைல சிநேகிதங்க ஆறு பேரு பன்யுவாங்கிக்கு ரயில் ஏறுறோம். அங்கேருந்து கடலோரமா நாலு நாள் சைக்கிள்லதான்."

"நல்லது."

"நடுவுல சுரபாயால ரயில் மாறணும். மடக்கின வண்டியைத்தான் உள்ள விடுவாங்க. போன வருஷம் நான் மடக்கி முடிக்கிறதுக்குள்ள ரயில் கிளம்பிடுச்சு. அஞ்சு பேரும் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டே போனாங்க. நான் பிளாட்பாரத்துல ஒத்தையா நின்னேன். இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா இனிமே என்னைக் கூப்பிடவே மாட்டாங்க."

அவளுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த நொடியே அதே எண்ணெய்ப் பிசுக்குக் கையை நீட்டி "அதை எடுங்க" என்றார். பாவம் பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது.

"இருபது அங்குலச் சக்கரம், ஏழு கியர். மேடு ஏறுறதுக்கு இதை விட்டா வேற கிடையாது. பின்னாடி இருபது கிலோ மூட்டை கட்டலாம்."

"மடக்கிக் காட்டுங்க."

ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கொக்கியை நெம்பி மடக்கிக் காட்டினாள்.

"ரெண்டு கை வேணுமா? அப்ப வேண்டாம்."

அடுத்தது அலுமினியம். பத்தே கிலோ, பெண்பிள்ளைகூடத் தூக்கிவிடலாம். அதையும் மடக்கச் சொன்னார், அதற்கும் உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு கையால மடக்கணும்மா. அவ்வளவுதான் எனக்கு."

"சாமி எதுக்கு ஐயா ரெண்டு கை குடுத்திருக்கு?"

"ஒண்ணு டீ புடிக்க" என்று சொல்லி அவரே பெரிதாகச் சிரித்தார்.

வினார்த்தி சிரிக்கவில்லை. ரயிலைக் கோட்டை விடுகிறவருக்கு டீ ஒரு கேடு! அதையாவது குடிக்கிறாரா? வந்து ஒரு மணி நேரம் ஆயிற்று. ஐஸெல்லாம் கரைந்து பை வியர்த்து, காலையில்தான் துடைத்த தரையில் சொட்டுகிறது. ஒரு வாய் உறிஞ்சவில்லை.

மூன்றாவதாக, மூலையில் கிடந்த பழைய இரும்பு வண்டியை வேண்டாவெறுப்பாக இழுத்துப் போட்டாள். கனம் அதிகம் என்று ஆறு மாதமாக யாரும் சீந்தாத வண்டி. அதில் கொக்கி சீட்டுக்கு அடியில் இருந்தது.

தார்ஜோனோ முழங்காலால் கொக்கியைத் தட்டினார். சீட்டை இடது கையால் பிடித்து ஒரே தூக்கு. பின்சக்கரம் தானாக உள்ளே சுருண்டது. பிரித்தார், மடக்கினார், மறுபடி பிரித்தார். ஏழு தடவை செய்து பார்த்தார். பிறகு சந்து முனை வரை ஓட்டிவிட்டு வந்தார். டீயும் கூடவே போய்வந்தது.

"இதான்! இதேதான்! நாளைக்கு நான்தான் முதல்ல ஏறுவேன் பாருங்க!" என்று கத்திக்கொண்டே கை குலுக்க நீட்டினார். அதே பீச்சாங்கை.

அவள் தன் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "மன்னிப்புன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரவே வராதா ஐயா?"

நீட்டிய கையை அவர் மெல்ல இறக்கினார். "ஆறு வருஷமா கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சும்மா. இன்னிக்கு ஒரு நாளாவது கேக்காம இருக்கலாமேன்னு பார்த்தேன்."

ஆறு வருடமாகவா இந்தக் கேவலமான பழக்கம்! திமிரைப் பாரேன் என்று வினார்த்திக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவரோ ஒன்றும் நடக்காதது மாதிரி சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். எந்தக் கையால் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"அந்தக் கைக் காசை நான் தொட மாட்டேன். மரியாதையா வலது கையால குடுங்க. இல்லேன்னா வண்டி இங்கேயே கிடக்கட்டும், நீங்க போன வருஷம் மாதிரி பிளாட்பாரத்துலயே நில்லுங்க!"

தார்ஜோனோவின் முகம் செத்துப்போயிற்று. வண்டியை ஒரு தரம் பார்த்தார், அவளை ஒரு தரம் பார்த்தார். பணத்தை மேசைமேல் வைத்தார். டீப் பையைக் கழற்றி வண்டியின் கைப்பிடியில் மாட்டினார்.

வலது பக்கச் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார். மணிக்கட்டுக்கு மேலே பிடித்து ஒரு திருகு திருகி, உருவி, பணத்துக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார்.

"இந்தாங்கம்மா, வலது கை."