காமிராவும் சிவப்பு விளக்கும்

டெலிவிஷன் வந்த புதிது. ஸ்டூடியோவில் இருந்த பெரிய காமிராவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நிகழ்ச்சிகளை அறிவிக்கும் தமயந்தி தினமும் தன்னைப் பார்த்துத்தானே சிரிக்கிறாள்!

"அண்ணே, அவங்க சிரிக்கிறது என்னைப் பார்த்து" என்றது, காமிராவின் தலையில் உட்கார்ந்திருந்த குட்டிச் சிவப்பு விளக்கு. "நான் எரிஞ்சாத்தான் ஒளிபரப்பு நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும்."

"போடா பொடியா! நீ இல்லாட்டியும் சிரிப்பா."

"அப்படியா? பார்த்துடுவோம்" என்று விளக்கு அறிவிப்பின் நடுவிலேயே வீம்பாக அணைந்துகொண்டது.

ஒளிபரப்பு நின்றுவிட்டதென்று நினைத்த தமயந்தி சிரிப்பை நிறுத்தினாள். நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள். மேஜைக்கடியிலிருந்து முறுக்கு ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தாள்.

காமிரா வெலவெலத்துப் போனது. "டேய், ஊரே பார்க்குதுடா! எரிஞ்சு தொலைடா, உன் கால்ல விழறேன்!"

விளக்கும் பதறிப்போய் எரிந்தது. தமயந்தி வாய் நிறைய முறுக்கோடு சிரித்தாள்.

மறுநாள் ஸ்டூடியோவுக்கு ஓயாமல் போன் வந்தது. தங்களில் யாரைப் பற்றிய பேச்சு என்று காமிராவும் விளக்கும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டன.

எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அந்த முறுக்கு எந்தக் கடையில வாங்கினதுங்க?"