வீட்டிலிருந்தே ஓட்டம்

“நாளையிலேர்ந்து வீட்டுலேர்ந்தே ஓடறேம்மா” என்று கீர்த்தனா சொன்னதும், சந்திரகலா தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“இன்னொரு வாட்டி சொல்லு, பாப்போம்.”

“ஓடறேன்னுதாம்மா சொன்னேன். ஓடிப் போறேன்னா சொன்னேன்?”

போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் கீர்த்தனா தேறியிருந்தாள். அடுத்த மாதம் ஓட்டத் தேர்வு. அதில் கோட்டைவிட்டால் விழுந்து விழுந்து படித்ததெல்லாம் வீண். இதுவரை அப்பா சக்திவேல்தான் விடியற்காலையில் வேங்கிக்கால் வீட்டிலிருந்து காரில் கிரிவலப் பாதைக்குக் கூட்டிப்போவார். அவள் ஓடுவாள்; அவர் டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். இப்போது அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. டாக்டர் சொல்லும்வரை காரைத் தொடக்கூடாது.

மகள் ஓடுவதில் சந்திரகலாவுக்கு ஆட்சேபணை இல்லை. வீட்டு வாசலிலிருந்து ஓடுவதில்தான் ஆட்சேபணை. காரில் போய் எங்கேயோ ஓடினால் அது பயிற்சி. வீட்டிலிருந்து ஓடினால் அதற்கு ஊரில் வேறு அர்த்தம். அதுவும் பெரியவள் நந்தினிக்கு வரன் பார்க்கிற நேரம். செங்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் கூடிவருகிற மாதிரி இருந்தது. சக்திவேல் பெண் வீட்டை விட்டு ஓடுகிறாள் என்று எவராவது அரைகுறையாகப் போய்ச் சொன்னால் அந்த இடம் கலைந்துவிடாதா என்று புலம்பினாள்.

நந்தினி ஸ்கூட்டியில் தங்கையை ஏற்றிக்கொண்டு போய்க் கிரிவலப் பாதையில் விடட்டுமே என்றார் சக்திவேல், கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து.

அதுவரை பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நந்தினி நிமிர்ந்தாள். அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவள். அதனாலேயே அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்பு ஜாஸ்தி.

“அங்க போனா நான் வண்டியை வெச்சுக்கிட்டு ஒரே இடத்துல நிக்கணும்மா. இவ தனியாத்தான் ஓடுவா. வாசல்லேர்ந்தே ஓடட்டும். நான் வண்டியில பின்னாடியே வரேன்.”

பெரியவள் கூடப் போகிறாள் என்றதும் சந்திரகலா இறங்கி வந்தாள்.

முதல் நாளே கூத்து நடந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு ரேணுகாம்பாள் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், கீர்த்தனா கேட்டைத் திறந்துகொண்டு தலைதெறிக்க ஓடுகிறாள். நந்தினி ஸ்கூட்டியில் அவளைத் துரத்துகிறாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்? பாவம், நல்ல எண்ணத்தோடுதான் அவள் அடி அண்ணாமலையில் இருக்கும் சந்திரகலாவின் தம்பி தசரதனுக்குப் போன் போட்டாள். சின்னவள் ஓடிவிட்டாள், பெரியவள் பிடிக்கப் போயிருக்கிறாள் என்று ஒப்பித்தாள்.

கீர்த்தனா வியர்த்து விறுவிறுத்துத் திரும்பியபோது வாசலில் நாலைந்து பைக்குகள் நின்றன. தசரதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பையன் யார், எந்த ஊர் என்று அக்காவைக் குடைந்துகொண்டிருந்தான். சந்திரகலா பேய் முழி முழித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்களும் ஓட வரீங்களா மாமா?” என்றாள் கீர்த்தனா, மூச்சு வாங்கியபடி.

அன்று முழுக்கத் தெருவே சிரித்தது. சிரித்து முடித்ததும் எல்லாருக்கும் பழகிவிட்டது. கோலத்தை மிதிக்காமல் ஓடு என்று ரேணுகாம்பாளே சொல்கிற அளவுக்கு வந்தாள். கீர்த்தனாவின் வேகமும் நாளுக்கு நாள் கூடியது. சந்திரகலாவுக்கு உள்ளூரப் பெருமைதான். இருந்தாலும் பெற்ற வயிறு சும்மா இருக்குமா? நந்தினியைத் தினமும் சமையலறைக்குள் கூப்பிட்டு ரகசியமாக விசாரிப்பாள். வழியில் எவனாவது நிற்கிறானா, சின்னவள் யாரையாவது பார்த்துச் சிரிக்கிறாளா, போனை எடுக்கிறாளா என்று துருவித் துருவிக் கேட்பாள். அப்படி ஒன்றும் இல்லை, நான்தான் கூடவே இருக்கிறேனே என்று நந்தினி பொறுமையாகப் பதில் சொல்வாள். இப்படி ஒரு பெண் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சந்திரகலா நினைத்துக்கொள்வாள்.

செங்கத்துக்காரர்கள் நந்தினியைப் பெண் பார்க்க வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமையும் கீர்த்தனா ஓடப் போனாள். இன்றைக்கு ஒரு நாள் வேண்டாமே என்று சந்திரகலா தடுத்துப் பார்த்தாள். தேர்வு நெருங்கும்போது ஒரு நாள் விட்டாலும் மூச்சு பிடிக்காது என்று நந்தினிதான் தங்கைக்காக மன்றாடினாள். கல்யாணப் பெண்ணே சொல்லும்போது என்ன செய்வது?

கேசரிக்கு ரவையை வறுத்து இறக்கிவிட்டு சந்திரகலா வாசலுக்கு வந்தாள். தெருமுனையில் கீர்த்தனா தெரிந்தாள். என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஓடிவந்தாள். பின்னால் ஸ்கூட்டியைக் காணோம்.

“அக்கா எங்கடி?”

“கலெக்டர் ஆபீஸ் தாண்டி, பெட்ரோல் போட்டுட்டு வரேன், நீ திரும்பிப் பாக்காம ஓடுன்னா. ஏன், இன்னும் வரலையா?”

சந்திரகலாவின் போன் அடித்தது. நந்தினிதான். பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது. அழுதிருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

“தேடாதம்மா. ரெண்டு வாட்டி சொல்ல வந்தேன், நீ காதுலயே வாங்கல. நான் அவரோட போறேன். வண்டி பெட்ரோல் பங்க்குல நிக்குது. கீர்த்தனாவை வண்டியில ஏத்திட்டு வந்திருந்தா, பாதி வழியில இறக்கி விட்டுட்டுப் போக எனக்கு மனசு வந்திருக்காது. அதான் அவளை வீட்டுலேர்ந்தே ஓடச் சொன்னேன்.”