ஞாயிற்றுக்கிழமைப் பலகை

"கொஞ்சம் நகருங்க தம்பி, போர்டு மறையுது."

சைக்கிள் கடைக்காரரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுப் புலவர் போனில் படம் எடுத்தார்.

'இங்கு எல்லா வகை சைக்கிள்களும் பழுதாக்கப்படும்.'

கடைக்காரருக்கு ஒரே பெருமை. "நம்ம கடைக்கு விளம்பரமா ஐயா?"

"பெரிய விளம்பரம்" என்றார் புலவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் படம் ஊர்க்காரர்கள் எல்லோருடைய போனிலும் வந்து விழுந்தது. கீழே புலவரின் வரி: 'உண்மையை ஒப்புக்கொண்ட ஒரே கடை.' ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மறுநாள் கடைக்காரர் ஏணி வைத்து ஏறி, பலகை மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார்.

புலவர் என்பது ஊர் வைத்த பெயர். பட்டம் எதுவும் கிடையாது. பதிவு அலுவலகத்தில் காலமெல்லாம் நகல் எழுதி ஓய்வு பெற்றவர். ஒரு பக்கத்தில் ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தாலும் அவர் கண் நேராக அங்கேதான் போய் நிற்கும்.

அப்படித்தான் 'அழுகு நிலையம்' அகப்பட்டது. 'முடி திருடும் நிலையம்' அகப்பட்டது. அழுகு நிலையத்து அம்மா ரொம்ப நாள் கடைத்தெருவில் தலைகாட்டவில்லை.

"பாவம், விட்டுடக் கூடாதா?" என்று யாராவது கேட்டால் புலவர் நிமிர்ந்து உட்காருவார். "இது மொழிக்குச் செய்யற சேவை. சிரிச்சாத்தான் திருந்துவாங்க."

திருந்தினார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

பயத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் பலகையை மாற்றி எழுதிவிட்டார்கள். புலவர் கடைத்தெருவை மேலும் கீழும் அலசினார். சந்து பொந்தெல்லாம் நுழைந்து பார்த்தார். மருந்துக்குக்கூட ஒரு பிழை இல்லை. இரண்டு ஞாயிறு படமில்லாமல் போயிற்று.

வெளியூரிலிருந்து மருமகன் கூப்பிட்டார். "என்ன மாமா, கடையைச் சாத்திட்டீங்களா? ஞாயித்துக்கிழமைப் படம் எங்கேன்னு எங்க ஆபீஸ்ல என்னைப் பிடிச்சு உலுக்குறாங்க."

"வரும் மாப்பிள்ளை, வரும்."

"எங்கே வரப்போகுது? உங்க ஊரைத்தான் திருத்தித் தொலைச்சிட்டீங்களே!"

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். பின்தெருத் தையல்காரம்மா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், இரண்டு கையாலும் ஒரு புதுப் பலகையைத் தூக்கிப் பிடித்தபடி பெயின்டர்.

"பெயின்ட் காயல, தொட்டுடாதீங்க ஐயா."

"நாளைக்குக் காலையில கடைத்தெருவில கடை திறக்கிறேன்" என்றார் தையல்காரம்மா. "இத்தனை வருஷம் வீட்டுக்குள்ளயே மிஷினை மிதிச்சாச்சு. மாட்டறதுக்கு முன்னால நீங்க ஒரு பார்வை பார்த்துடுங்க. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்."

"இதுக்கு ஏம்மா இவ்வளவு பதட்டம்?"

"என் நாத்தனார் இருக்காளே, 'நீ கடை வைக்கிற லட்சணத்தை ஞாயித்துக்கிழமை போன்ல பார்த்துக்கறேன்'னு சொல்லிட்டுப் போயிட்டா. முதல் நாளே ஊர் சிரிச்சுதுன்னா, அப்புறம் நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கடையில உட்காருவேன்? மறுபடியும் வீட்டு மூலைதான் ஐயா."

"சைக்கிள் கடை போர்டும் நம்ம கைவண்ணம்தான்" என்று பெயின்டர் அசடு வழிந்தார். "இந்தத் தடவை பிரஷ்ஷைக் கையோட கொண்டுவந்திருக்கேன். எங்கேன்னு சொல்லுங்க, இங்கேயே மாத்திடறேன்."

புலவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

'இங்கு கிழித்த துணிகள் தைத்துத் தரப்படும்.'

'கிழிந்த' என்று இருக்க வேண்டும். ஒரே ஒரு எழுத்து. கிழிப்பதும் இங்கேயே, தைப்பதும் இங்கேயே! படத்துக்குக் கீழே போட வேண்டிய வரிகூடத் தானாக வந்து நின்றது. மருமகனின் ஆபீஸ் மொத்தமும் மேஜையைத் தட்டிச் சிரிப்பது அவர் காதில் கேட்டது.

"ஐயா?"

புலவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் நிதானமாகத் துடைத்தார்.

"நல்லா இருக்கும்மா. அப்படியே மாட்டுங்க."

"ஒரு தப்பும் இல்லையே?"

"நான்தான் சொல்றேனே."

தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த உதவியை என் உயிர் உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

காலையில் புலவர் போனை எடுத்துக்கொண்டு அவசரமாகக் கடைத்தெருவுக்குப் போனார். அவருக்கு முன்பே அங்கே கூட்டம் கூடிவிட்டது. சிரிப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஆனால் வாசலில் நின்ற தையல்காரம்மாவைப் பார்த்து ஒருவரும் சிரித்ததாகத் தெரியவில்லை. இரண்டு பெண்கள் அவரிடம் ரவிக்கைத் துணிகூடக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

புலவரைக் கண்டதும் சிரிப்பு இரண்டு மடங்காயிற்று.

"வாங்க ஐயா, வாங்க!" சைக்கிள் கடைக்காரர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். "நான் நகர்ந்துக்கறேன். போர்டு மறையுது பாருங்க."

புலவர் அண்ணாந்து பார்த்தார்.

'கிழித்த துணிகள்' அப்படியே இருந்தன. அதற்குக் கீழே, நேற்று இல்லாத ஒரு வரி. பளிச்சென்ற சிவப்பில், முதல் வரியைவிடப் பெரிதாக.

'இந்தப் பலகையைப் படித்துப் பார்த்து, பிழையே இல்லை என்று சொன்ன புலவர் ஐயாவுக்கு நன்றி!'

தையல்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"மனசு கேக்கல ஐயா. நேத்து திரும்பிப் போற வழியிலேயே எழுதச் சொல்லிட்டேன். உங்ககிட்ட காட்ட நேரமில்லாமப் போச்சு" என்றார். "அந்த வரியில தப்பு ஒண்ணும் இல்லையே?"