வாய்க்காலில் வெள்ளைச் சட்டை

சாயப்பட்டறையின் பின்சுவரில் இருக்கும் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. காலை வெயில் வாய்க்காலின் அடிவரை இறங்கி, இத்தனை காலம் யாரும் பார்த்திராத கூழாங்கற்களைக் காட்டுகிறது. துவைத்த துணியைக் காயப்போட வாளியோடு வந்த எதிர்வீட்டுக்காரி அப்படியே நிற்கிறாள். வாய்க்காலைப் பார்த்தே பட்டறைக்குள் ஓடுவது நீலச் சாயமா பச்சையா என்று சொல்லிவிடும் தெரு இது. பின்கதவில் தலைநீட்டும் சாயக்காரரிடம், "என்னண்ணே, பட்டறைய மூடிட்டாங்களா? உங்க பொழப்பு என்ன ஆகும்?" என்கிறாள். அவர் கையுறையைக் கழற்றியபடி கதவை அகலத் திறக்கிறார். உள்ளே ஆவி பறக்க, மிளகாய்ப்பழச் சிவப்பில் துணி உருளையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. "விடிஞ்சதுலேருந்து சிவப்புதாம்மா ஓடுது. புதுத் தொட்டியில சுத்தம் பண்ணித்தான் தண்ணிய வெளிய விடுறோம்." "யார்கிட்ட கதை விடுறீங்க?" அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்குகிறாள். வாளியிலிருந்து மகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டையை உருவுகிறாள். "ஐயோ, அது வேணாம்மா!" என்று சாயக்காரரே பதறிப்போகிறார். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல், குழாய்க்கு நேர் கீழே சட்டையை முக்கி எடுத்து, ஓங்கி உதறி, வெயிலுக்கு எதிரே இரு கையாலும் விரித்துப் பிடிக்கிறாள். அது வெள்ளையாகவே இருக்கிறது.