ஜெரோம் போட்ட ஓட்டு

வெளித்தீவுக்காரர்களுக்கு வாக்குரிமை கிடையாது. பட்டாளத்தில் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். செலினின் மூத்த மகன் ஜெரோம் எல்லைப் போரில் இறந்தபோது, அவனைத் தலைநகரிலேயே அடக்கம் செய்தார்கள். தேர்தல் முடிந்ததும் அதிகாரி ஒருவர் அவளைத் தேடி வந்தார்.

"தலைநகர் மண்ணுல அடக்கமான வீரர்களுக்கும் இப்ப ஓட்டு உண்டும்மா. உங்க மகன் உயிரோட இருந்தப்ப பேசிப் பதிவானதையெல்லாம் வச்சு, அவர் மனசறிஞ்சு இயந்திரமே அவருக்காகப் போட்டிருச்சு."

தீவின் முதல் ஓட்டு தன் பிள்ளையுடையது என்றதும் செலினுக்குக் கண் நிறைந்தது.

"யாருக்குய்யா போட்டான்?"

"ஆளுங்கட்சிக்குத்தான். போர் தொடரணும்னு."

"கடைசியாப் பேசுனப்ப, வீட்டுக்கு வந்துடுறேம்மான்னு அழுதானே!"

"போர்முனையில பேசுனதைச் சேர்க்கிறதில்லைம்மா," என்றார் அதிகாரி தலைகுனிந்து. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "போர்தான் தொடருதே. சின்னவனையும் அனுப்பி வைக்கணும்."