மாசியில் ஒரு கப்பல்

"தையில கல்யாணம், மாசியில கப்பலா? பேடவே பேடா! வேண்டவே வேண்டாம், சுவாமி!"

கோபம் வந்தால் நரசிம்மமூர்த்திக்குக் கன்னடம் வந்துவிடும். அக்ரஹாரத்திலிருந்து விறுவிறுவென்று நடந்து வந்தவர் இன்னும் உட்காரக்கூட இல்லை. கூட வந்த அவர் மனைவி பங்கஜவல்லி உட்கார்ந்துவிட்டாள். ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

வக்கீல் ஆழ்வார் பதறவில்லை. மைசூர்க் கோர்ட்டில் அவர் தோற்ற வழக்குகள் உண்டு. தோற்றுவிடுவோம் என்று நினைத்துக்கொண்டு நடத்திய வழக்கு ஒன்றுகூட இல்லை. நிச்சயதார்த்தம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. அதற்குள் சம்பந்தி ஆகப்போகிறவர்கள் சண்டைக்கு வந்து நிற்கிறார்கள். வரட்டும். சேதி சொல்லி அனுப்பியதே அவர்தான்.

"முதல்ல உட்காருங்கோ. இது உல்லாசப் பயணம் இல்லை, சர்க்கார் காரியம். அரபிக் கடல்ல நாலு மிதவையை நங்கூரம் போட்டு நிறுத்தியிருக்கா. காத்து, அலை, தண்ணியோட சூடு எல்லாத்தையும் அளந்து ரேடியோவுல கரைக்குச் சொல்லிண்டே இருக்கும். போன வருஷம் புயல் வரதுன்னு முதல்ல சொன்னது அதுல ஒண்ணுதான். எத்தனை படகு பிழைச்சுக் கரை திரும்பித்து தெரியுமோ?"

"சொல்லட்டும், நன்னாச் சொல்லட்டும். அதுக்குக் குழந்தை எதுக்கு நடுக்கடலுக்குப் போகணும்?"

"பாட்டரி தீர்ந்துண்டு வரது. சங்கிலியெல்லாம் துரு. மழைக்காலத்துக்குள்ள மாத்தலைன்னா அடுத்த புயலுக்கு நாலும் வாயை மூடிண்டு நிக்கும். உள்ளே இருக்கற கருவி இங்கே மைசூர்ல, ஆய்வுக்கூடத்துல, குழந்தை தன் கையால பண்ணினது. வேற யார் திறந்தாலும் எந்தக் கம்பி எங்கே போறதுன்னு முழிக்கணும்."

"கடல் தாண்டறது நம்ம குலத்துல உண்டோ?"

"தாண்டினாத்தானே? பாதி தூரம் போய்ட்டுத் திரும்பிடறது!"

நரசிம்மமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கவே நாற்காலியில் உட்கார்ந்தார். ஆழ்வாருக்கு அது போதும். வெற்றிலைத் தட்டைப் பக்கத்தில் இழுத்தார். ஓரத்தில் சுண்ணாம்பு டப்பியை வைத்தார். "இது கொச்சி." தட்டில் நாலு கொட்டைப்பாக்கைத் தள்ளித் தள்ளி வைத்தார். "இதெல்லாம் மிதவை. கப்பல் முதல்ல இந்தக் கடைசிப் பாக்குக்குப் போறது."

நரசிம்மமூர்த்தி குனிந்து பார்த்தார். ரயில்வேயில் கால அட்டவணை போட்டுப் போட்டே தலை நரைத்தவர் அவர். "ஏன் சுவாமி, கிட்டக்க இருக்கறதை முதல்ல முடிச்சா என்ன? போற வழிதானே?"

"குழந்தையும் முதல்ல அப்படித்தான் போட்டது. அப்புறம் தானே மாத்திடுத்து. மாசியில கடல் தூங்கறாப்பல இருக்கும். பங்குனி கடைசியில காத்து கிளம்பிடும். அப்போ நாம கரைப்பக்கம் வந்துடணுமோல்லியோ?"

"அதுவும் சரிதான்." அவர் விரல் தானாக நீண்டு ஒரு பாக்கைத் தொட்டது. "இதுக்கும் இதுக்கும் நடுவுல ரெண்டு நாள் கையில வெச்சுக்கச் சொல்லுங்கோ. ரயிலே நேரத்துக்குப் போறதில்லை, கப்பலா போகும்?"

"கட்டாயம் சொல்றேன்."

பங்கஜவல்லி படக்கென்று திரும்பினாள்.

"பாக்கை நகர்த்திட்டா ஆச்சா? சாப்பாடு? துணை? உடம்புக்கு ஏதாவது வந்தா?"

"கப்பல்லயே டாக்டர் இருக்கார், அம்மா. கேப்டனோட சம்சாரமும் கூட வரா. சாப்பாட்டை அவா பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கா."

"இங்கே இருக்கற ஜீவனோட மனசு? கல்யாணமான புதுசுல இப்படி ஒண்டியா விட்டுட்டுப் போனா ஊர் என்ன பேசும்?"

"ஊர் ரெண்டு மாசம் பேசும். அதுக்குள்ள கப்பல் திரும்பிடும்."

"கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமே?"

ஆழ்வார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதுவரை பேசியதெல்லாம் வக்கீல் பேச்சு. இனிச் சொல்ல வேண்டியது அப்படியல்ல.

"தள்ளிப்போட்டா இந்த வருஷம் தப்பிக்கலாம். ஆனா இந்த வேலை வருஷா வருஷம் வரும். அதை மறைச்சுண்டு இந்தக் கல்யாணம் வேண்டாம்னு குழந்தை சொல்லிடுத்து. உங்களுக்குச் சம்மதம் இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்கோ. தாம்பூலத்தைத் திருப்பிக் குடுத்துடறோம். எங்களுக்கு மனஸ்தாபம் இல்லை."

நரசிம்மமூர்த்தி பாக்கிலிருந்து கையை எடுத்தார். பங்கஜவல்லி ஆழ்வாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. நேராகச் சொன்ன சொல்லை யாரும் தட்டமாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை.

வாசலில் சைக்கிளைச் சாத்தும் சத்தம் கேட்டது. சம்பத்குமார் அவசரமாக உள்ளே வந்தான். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. மூன்று பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான்.

"என்ன முடிவு பண்ணினேள்?"

பங்கஜவல்லி எழுந்து, புடவைத் தலைப்பால் அவன் நெற்றியைத் துடைத்தாள்.

"என்னடா முடிவு? மாசியில உன் ஆம்படையாள் கப்பல் ஏறிப் போய்ட்டு வரட்டும்; அதுவரைக்கும் நீ அம்மா கையால சாப்பிட்டுண்டு சமர்த்தா காத்துண்டிரு!"

ஆழ்வார் உள்ளறைப் பக்கம் திரும்பிக் கணீரென்று குரல் கொடுத்தார்: "பத்மாஸினி! வந்து மாமியாரைச் சேவிச்சுக்கோம்மா. அப்படியே, நீ வரேன்னு கொச்சிக்கு ஒரு தந்தி அடிச்சுடு!"